மூன்று பூட்டுப் பெட்டி

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், நெசவாளரும் தச்சரும் செருப்புத் தைப்போரும் சுரங்கத்தில் இறங்கி நிலக்கரி வெட்டுவோருமாகிய ஏழை மக்கள், நோய் வந்து படுத்தால் கஞ்சிக்கும் உயிர் போனால் அடக்கத்துக்கும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கலாகாது என்ற ஒரே நோக்கத்தோடு தமக்குள் கூடிச் சிறு சிறு சங்கங்களை அமைத்துக்கொண்டபோது, அச்சங்கங்களின் முதல் உடைமையாக விளங்கியது கனத்த மரப்பெட்டி ஒன்றேயாகும். அதற்குப் பெரும்பாலும் மூன்று பூட்டுகள். மூன்றுக்கும் வெவ்வேறு சாவி. மூன்று சாவியும் வெவ்வேறு மூவர் வசம். மூவரும் ஒருங்கு வந்தாலன்றிப் பெட்டி திறவாது. பொக்கிஷதார் என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடுகிற பதவி, கூலியின்றிச் சங்கத்தின் பணத்தைக் காத்துக் கணக்கு ஒப்புவிக்கிற அந்தப் பொறுப்பு, உருப்பெற்று வளர்ந்த வரலாற்றை அப்பெட்டியிலிருந்து தொடங்குவதே முறை.

இவ்வகைச் சங்கங்களைப் பரஸ்பர சகாய சங்கங்கள் எனலாம். டானியல் டீஃபோ 1697-ல் வெளியிட்ட ஒரு நூலிலேயே, மக்கள் ஆளுக்குச் சிறு தொகை செலுத்தி ஒருவர் துன்பத்தை மற்றவர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை ஓர் அத்தியாயமாக விரித்து எழுதியிருக்கிறார். நூறாண்டு கழித்து, 1801-ல், சர் பிரெடரிக் மார்ட்டன் ஈடன் என்பவர் கணக்கெடுக்க முயன்றபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்ந்து ஏறத்தாழ 7,200 சங்கங்களும் 6,48,000 அங்கத்தினரும் இருக்கலாமென மதிப்பிட்டார். வாக்குரிமை இல்லாத, பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத மக்கள், எந்தப் பிரபுவின் தூண்டுதலுமின்றி இவ்வளவு பெரியதொரு காரியத்தைச் செய்திருந்தார்கள் என்பதை எண்ணும்போது, சரித்திர நூல்களில் அரசர்களின் போர்களுக்கு ஒதுக்கிய பக்கங்களில் சிலவற்றை இவர்களுக்கும் ஒதுக்கியிருக்கலாகாதா என்ற ஏக்கம் எழாமற் போகாது.

மாதத்துக்கு ஒரு நாள் மாலையில் கூட்டம். கூடும் இடம் பெரும்பாலும் ஊர் மதுச்சாலையின் மாடி அறை. ஏனெனில் தொழிலாளர் நாற்பது ஐம்பது பேர் ஒருங்கே உட்காரத்தக்க இடம் அந்நாளில் அவர்களுக்கு வேறு கிடையாது. பெட்டி மேசைமீது வைக்கப்படும். சாவி வைத்திருப்போர் மூவரும் முன்வந்து பூட்டுகளைத் திறப்பர். அவர்களில் ஒருவர் வரத் தவறினாலோ, சாவியை உரிய நேரத்தில் அனுப்பத் தவறினாலோ அபராதம் உண்டு. அதன்பின் அங்கத்தினர் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடக் கேட்டு எழுந்து வந்து, தம் சந்தாவை எல்லாரும் காணப் பெட்டிக்குள் இடுவர். எழுத்தர் அதை ஏட்டில் பதிவார். குடித்துவிட்டு வந்தவனுக்கு அபராதம். வசை பேசியவனுக்கு அபராதம். கூட்டத்தில் மதச் சண்டையோ அரசியல் வாதமோ கிளப்பியவனுக்கும் அபராதம். நோயுற்றவர்களுக்கு உரிய உதவித் தொகையை எடுத்து வைத்தபின், எஞ்சியதை எண்ணிச் சொல்லி, ஏட்டையும் விதிப் புத்தகத்தையும் கடன் பத்திரங்களையும் உள்ளே வைத்து, மீண்டும் மூன்று பூட்டும் பூட்டப்படும்.

இதில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக் கணக்குப் புத்தகம் ஒரு பாதுகாப்பாகாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவன் அறிய வழியில்லை. ஆனால் பூட்டு திறக்கும் ஓசையை அவன் கேட்கலாம். நாணயம் விழுவதைக் கண்ணாற் காணலாம். எண்ணிச் சொல்லும் தொகையை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தணிக்கை என்னும் சாஸ்திரம் பிறப்பதற்கு முன்னரே, அதன் உயிரான பாகத்தை, அதாவது பணம் ஒருவர் கைக்குள் மறைந்து கிடவாமல் பலர் கண்முன் கிடக்கவேண்டும் என்ற நியதியை, இம்மக்கள் தம் அனுபவத்தினாலேயே கண்டுகொண்டார்கள். மூன்று பூட்டு என்பது சாவி வைத்திருப்பவர்மீது கொண்ட அவநம்பிக்கையின் அடையாளம் என்று சிலர் கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. பெட்டியில் ஒரு ஷில்லிங் குறைந்ததென்றால், ஒற்றைச் சாவிக்காரன் எத்துணை உத்தமனாயினும் தன் உத்தமத்தை நிரூபிக்கும் வழியற்றவன். மூன்று சாவியுள்ள பெட்டிக்குக் காவலனாயிருப்பவனோ ஊரார் முன் நிமிர்ந்து நடக்கலாம். நேர்மையாளனைச் சந்தேகத்தினின்று காப்பதே அப்பூட்டுகளின் தலையாய வேலை.

ஆயினும் பெட்டியை எங்கேயாவது வைத்தாக வேண்டுமே. அது பெரும்பாலும் மதுச்சாலைக்காரன் வீட்டிலேயே இருந்தது; பல சங்கங்களில் அவனே பொக்கிஷதாரும் ஆனான். ஊரில் கதவும் தாழ்ப்பாளும் உறுதியான வீடு அவனுடையது. ஓரளவு சொத்துள்ளவன் என்பதால் ஜாமீன் கொடுக்கவும் அவனால் இயலும். அதற்குக் கைம்மாறாக, கூட்டத்துக்கு வருவோர் ஒவ்வொருவரும் சந்தாவோடு இரண்டு மூன்று பென்ஸ் மதுவுக்கென்று கொடுக்கவேண்டும் என்ற வழக்கமும் நிலைத்தது. நோய்க்கும் சாவுக்குமெனச் சேர்த்த நிதி, குடியைத் தூண்டிப் பிழைக்கும் ஒருவனுடைய கூரையின்கீழ் தங்கியிருந்தது அச்சங்கங்களின் வரலாற்றிலுள்ள பெருங்குறையே. மதுச்சாலை நொடித்துப் போனால் அதன் உரிமையாளனுக்குக் கடன் கொடுத்தவர்கள் வந்து வீட்டிலுள்ளதையெல்லாம் ஜப்தி செய்வர். அந்த வீட்டில் இருக்கும் பெட்டியும் அவனிடம் கொடுத்துவைத்த தொகையும் சங்கத்துக்கு உரியவை என்று மன்றாடினால் யார் கேட்பார்?

இந்நிலையில்தான் 1793-ஆம் ஆண்டு ஜார்ஜ் ரோஸ் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினரின் முயற்சியால் பரஸ்பர சகாய சங்கங்களுக்கென முதற் சட்டம் நிறைவேறிற்று. பிரான்ஸுடன் யுத்தம் மூண்டிருந்த ஆண்டு அது. ஏழைகளைப் பராமரிக்கும் வரிப்பளுவும் ஏறிக்கொண்டிருந்தது. ஏழைகள் தம்மைத் தாமே காத்துக்கொண்டால் வரி குறையும் என்ற கணக்கு அச்சட்டத்துக்குப் பின்னால் இருந்ததை மறுப்பதற்கில்லை. எந்தக் கணக்காயினும், அதனால் விளைந்த நன்மை பெரிது. சங்கங்கள் தம் விதிகளைக் காலாண்டுதோறும் கூடும் மாஜிஸ்திரேட்டுகளின் நீதிமன்றத்தில் ஒப்புவித்து அங்கீகாரம் பெறலாம். பெற்றபின், பொக்கிஷதார் ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் இறந்தாலோ திவாலானாலோ, சங்கப் பணத்தைத் தீர்த்த பிறகே மற்றக் கடன்களைத் தீர்க்க வேண்டும். பிற கடன்காரர் அனைவருக்கும் முன்னே, ஏழைகளின் ஷில்லிங்குகளுக்கு முதலிடம் கிடைத்தது.

அங்கீகாரம் பெறாத சங்கங்களின் கதி வேறு. அவற்றின் துன்பத்துக்குக் காரணமாயிருந்த ஒரு சட்டக் கோட்பாட்டைச் சற்று விளக்கியே ஆகவேண்டும். பிற்காலத்து நிகழ்ச்சிகள் யாவும் அதையே சுற்றி நிகழ்ந்தன. நூறு பேர் கூடி ஒரு நிதி சேர்க்கிறார்கள். அந்நிதி அந்நூறு பேருக்கும் பொதுவான சொத்து. அந்நூற்றுவரில் ஒருவரே பொக்கிஷதார். அவர் நிதியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால், தமக்கும் பங்குள்ள பொருளை எடுத்துச் சென்றவரைத் திருடர் என்று எவ்வாறு சொல்வது? கூட்டுச் சொத்தில் பங்குடையவன் அதனைத் திருடினான் என்று வழக்குத் தொடுக்க இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் இடந்தரவில்லை. சிவில் வழக்குத் தொடரலாமென்றாலோ, சங்கம் என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் அன்று; ஆகவே நூறு பேரும் தனித்தனியே வாதிகளாக நிற்க வேண்டும்; பிரதிவாதியும் அந்நூற்றுவருள் ஒருவராகவே இருப்பார். இவ்வாறு, அயலான் ஒருவன் ஜன்னல் வழியே புகுந்து பெட்டியை எடுத்தால் தண்டிக்க முடிந்த நீதி, சங்கத்தார் நம்பிச் சாவியைக் கொடுத்தவனே எடுத்தால் கைகட்டி நின்றது.

நீதிமன்றம் துணை வராதபோது மக்கள் சத்தியத்தைத் துணைக்கொண்டார்கள். புதிதாய்ச் சேர்பவனை வேதப் புத்தகத்தின்மீது பிரமாணம் செய்விப்பது பல தொழிலாளர் சங்கங்களில் சடங்காயிற்று. 1834-ல் டார்செட் மாகாணத்து டால்படில் என்னும் சிற்றூரில் விவசாயத் தொழிலாளர் அறுவர், ஜார்ஜ் லவ்லெஸ் என்பவரைத் தலைவராகக் கொண்டு, வாரம் ஒரு பென்னி சந்தாவில் சங்கம் ஒன்று நடத்தியபோது, அச்சங்கத்துக்காகத் தண்டிக்க வழியின்றி, இரகசியப் பிரமாணம் செய்வித்தார்கள் என்ற குற்றத்துக்காக ஏழாண்டு நாடுகடத்தி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியால் அவர்கள் பின்னர் மன்னிக்கப்பட்டார்கள் என்பது வேறு செய்தி.

இனி, மூன்று பூட்டின் தத்துவம் பூட்டை விட்டு ஏட்டுக்குள் புகுந்த இடத்துக்கு வருவோம். லங்காஷயரில் ராச்டேல் என்னும் நெசவு நகரத்தில், 1844 டிசம்பர் 21-ஆம் நாள் மாலை, டோட் லேன் என்ற சந்தில் ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. ஆளுக்கு ஒரு பவுன் வீதம் இருபத்தெண்மர் சேர்த்த இருபத்தெட்டுப் பவுன் அதன் மூலதனம். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஓட்மாவும் மெழுகுவர்த்தியுமே சரக்கு. இன்று உலகெங்கும் பரவியுள்ள கூட்டுறவு இயக்கத்துக்கு அக்கடை மூலஸ்தானம் என்பதைப் பலரும் அறிவர். ஆனால் அதன் விதிகளில் பணம் கை மாறும் முறையை எப்படி வகுத்திருந்தார்கள் என்பதை நினைவுகூர்வோர் சிலரே. சரக்கை நிறுத்துக் கொடுப்பவர் சாமுவேல் ஆஷ்வொர்த். அவர் பணத்தைத் தொடமாட்டார். பணத்தை வாங்குபவர் வில்லியம் கூப்பர். அவர் சரக்கைத் தொடமாட்டார். வாங்கிய தொகைக்கு ரசீது கொடுத்து, வாரந்தோறும் கணக்கை முடித்துக் காரியதரிசியிடம் ஒப்படைக்க வேண்டியது அவர் கடமை. காரியதரிசி ஜேம்ஸ் டேலி, அதை நிர்வாக சபையின் அடுத்த கூட்டத்தில் பொக்கிஷதாராகிய ஜான் ஹோல்ட்டிடம் கொடுத்துவிடவேண்டும். இவர்கள் எவரும் பார்த்திராத பேரம் எதுவும் நடவாதிருக்க, தணிக்கையாளரையும் அங்கத்தினரே தேர்ந்தெடுத்தனர். காலாண்டுக்கு ஒருமுறை பொதுக் கூட்டத்தில் நிதி நிலையையும் சரக்கின் மதிப்பையும் அறிவித்தனர்.

ஒரே காசு மூன்று கை மாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றமும் ஏட்டில் ஏறுகிறது. ஒருவர் ஏட்டை மற்றவர் ஏட்டோடு ஒப்பிட்டால் ஒத்துவர வேண்டும். இதில் பூட்டு இல்லை. ஆனால் பழைய பெட்டியின் மூன்று சாவிகள் இங்கே மூன்று மனிதராக நிற்கின்றன. இருபத்தெட்டுப் பவுன் வியாபாரத்துக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு என்று அந்நாளில் நகைத்தவர்களும் இருந்திருப்பார்கள். அடுத்த ஐந்தாண்டில் அதற்கு விடை கிடைத்தது. ராச்டேல் நகரத்தின் சேமிப்பு பாங்கியில், நகரப் பெரியவர் ஒருவரின் நிர்வாகத்தில் பல ஆண்டுகளாக நடந்துவந்த பெருமோசடி 1849-ல் வெளிப்பட்டது. எளியோர் சேமித்த பல்லாயிரம் பவுன் பாழாயிற்று. மதிப்பும் செல்வமும் வாய்ந்த ஒரு மனிதரை மட்டும் நம்பிய ஸ்தாபனம் வீழ்ந்தது. தொழிலாளர் மூவர் கையில் காசை மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருந்த கடை நின்றது. 1848-ல் 140 ஆக இருந்த அக்கடையின் அங்கத்தினர் தொகை 1849-ல் 390 ஆக உயர்ந்தது; 1850-ல் 600 ஆயிற்று.

கூட்டுறவுக் கடைகளுக்கும் சகாய சங்கங்களுக்கும் சட்டம் படிப்படியாக இடங்கொடுத்தது. ஜான் டிட் பிராட் என்ற வழக்கறிஞர் சங்கங்களின் விதிகளைச் சரிபார்க்கும் உத்தியோகத்தில் அமர்ந்து, 1846 முதல் ரிஜிஸ்திராராகி, 1870-ல் தாம் இறக்கும்வரை ஆயிரக்கணக்கான விதிப் புத்தகங்களைப் படித்துத் திருத்திக் கையொப்பமிட்டார். ராச்டேல் கடையின் விதிகளும் அவர் கைப்பட்டே வெளிவந்தன. ஏழைகளின் சிறு நிதிகளுக்காக ஓர் ஆயுட்காலத்தைச் செலவிட்ட அந்த மனிதரை நன்றியுடன் நினைப்பது தகும். ஆனால் தொழிற்சங்கம் ஒன்றின் பொக்கிஷதார் பணத்தைக் கொடுக்க மறுத்தால் என்ன ஆகும் என்ற வினாவுக்கு மட்டும் நெடுநாள் எவரும் தெளிவான விடை சொல்லவில்லை. விடை 1867-ல் வந்தது; வந்த விதம் நாட்டையே உலுக்கிற்று.

யார்க்ஷயரிலுள்ள பிராட்ஃபோர்டு நகரத்தில் கொதிகலன் செய்யும் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு கிளை இருந்தது. அக்கிளையின் பொக்கிஷதார், சங்கத்துக்கு உரிய இருபத்துநான்கு பவுனுக்குச் சற்று மேற்பட்ட ஒரு தொகையைத் திருப்பித்தர மறுத்தார். அச்சங்கம், பரஸ்பர சகாய சங்கச் சட்டம் 1855-ல் திருத்தப்பட்டபோது அனுமதிக்கப்பட்டபடி, தன் விதிகளை ரிஜிஸ்திராரிடம் முறையாக ஒப்படைத்திருந்தது. ஆகவே அச்சட்டத்தின் துணை தனக்கு உண்டென்று நம்பி மாஜிஸ்திரேட்டிடம் சென்றது. மாஜிஸ்திரேட்டுகள் வழக்கைத் தள்ளினர். அது குவீன்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஹார்ன்பி எதிர் குளோஸ் என்று பெயர் பெற்ற அவ்வழக்கில், பிரதம நீதிபதி காக்பர்னும் சக நீதிபதிகளும் 1867 ஜனவரியில் தீர்ப்பளித்தனர். இச்சங்கத்தின் விதிகளில் வேலைநிறுத்தத்தை ஆதரித்து உதவும் பிரிவுகள் உள்ளன. அவை தொழில் சுதந்திரத்துக்குத் தடையாவன. ஆகையால் இச்சங்கம் சகாய சங்கம் ஆகாது. சட்டத்தின் பாதுகாப்பும் இதற்கில்லை. இதுவே தீர்ப்பின் சாரம்.

நோயுற்றவனுக்கு உதவி, இறந்தவனுக்கு அடக்கச் செலவு, வேலையிழந்தவனுக்குப் படி ஆகியவற்றுக்காகப் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த தொகை முழுவதற்கும், இங்கிலாந்தின் எல்லாத் தொழிற்சங்கங்களிலும், பொக்கிஷதாரின் மனச்சாட்சியைத் தவிர வேறு காவல் இல்லை என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றங்களில் ஒன்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கான பவுன் நிதி வைத்திருந்த எஞ்சினீயர்கள் சங்கமும் தச்சர் சங்கமும் திடுக்கிட்டதில் வியப்பென்ன? எனினும் அத்தீர்ப்புக்குப் பின் நடந்தது என் உள்ளத்தை ஆழ்ந்து தொடுவதாகும். பணத்தை எடுத்துக்கொள்ளத் தடையில்லை என்று நீதிபதிகளே சொன்ன பிறகும், நாடெங்குமுள்ள பல நூறு கிளைகளின் பொக்கிஷதார்கள், தச்சர்களும் வார்ப்பட வேலைக்காரர்களும் கொல்லர்களுமாகிய கூலியாட்கள், வழக்கம்போல் மாலையில் உட்கார்ந்து சந்தா வாங்கினார்கள்; வழக்கம்போல் கணக்கு ஒப்புவித்தார்கள். அச்சங்கங்கள் சிதையாமல் நின்றதே அதற்குச் சாட்சி. சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. அவர்கள் தம் தோழர் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் என்பதே கட்டுப்படுத்திற்று.

அதே 1867-ஆம் ஆண்டில் தொழிற்சங்கங்களைப் பற்றி விசாரிக்க ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் முதலாவது தொழிற்சங்க மகாநாடு கூடிற்று. கூட்டு நிதியைக் கையாடிய பங்காளியையும் அயலானைப் போலவே தண்டிக்கலாம் என்று ரஸ்ஸல் கர்னி என்பவரின் முயற்சியால் 1868-ல் ஒரு சட்டம் பிறந்து, முன்னே நாம் கண்ட பழைய புதிரை அவிழ்த்தது. கடைசியில் 1871-ல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியபோது, அதன் பதினொன்றாம் பிரிவு பொக்கிஷதாரின் கடமையைச் சொல்லுக்குச் சொல் வரையறுத்தது. விதிகளிற் குறித்த காலத்திலும், கேட்கும்போதும், தாம் பெற்ற தொகைக்கும் செலவிட்ட தொகைக்கும் உண்மையான கணக்கை அவர் ஒப்புவிக்க வேண்டும். அக்கணக்கைத் தகுதியுள்ளோரைக்கொண்டு தர்மகர்த்தாக்கள் தணிக்கை செய்விக்க வேண்டும். கேட்டவுடன் மிச்சத்தொகையையும் புத்தகங்களையும் பத்திரங்களையும் அவர் ஒப்படைக்க வேண்டும். மறுத்தால் அவர்மேல் வழக்குத் தொடரலாம். பிராட்ஃபோர்டு நகரத்தில் ஒருவர் திருப்பித் தராத இருபத்துநான்கு பவுன், ஒரு நாட்டின் சட்டத்தையே திருத்தி எழுத வைத்தது.

இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வருவது இயல்பு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுக்கள் குடவோலைத் தேர்தலுக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றில் கணக்கைப் பற்றியுள்ள விதிகளோ அதற்கு இணையான பெருமை உடையவை. ஊர்ச் சபையின் குழுக்களாகிய வாரியங்களில் ஏதேனும் ஒன்றில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் பெயரைக் குடத்தில் இடலாகாது; அவன் மட்டுமன்று, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. ஊர்க் கணக்கு எழுதியவன், தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்புவித்துச் சுத்தன் என்று பெரியோர் ஒப்புக்கொண்டபின் அல்லாமல் மறுபடி அப்பதவிக்கு வரலாகாது. அவன் கணக்கை முடிக்க வேறொரு கணக்கன் புகவும் கூடாது. அச்சபை நிலமும் மனையும் கல்வியும் உடைய அந்தணர்களுக்கே உரியதாயிருந்தது. சந்தா கட்டிச் சேரும் சங்கத்தோடு அதை ஒன்றாக வைத்துப் பேசுவது பிழையாகும். எனினும், பொதுப்பணத்தைத் தொட்டவன் தன் வாயாலேயே கணக்குச் சொல்லிவிட்டுத்தான் இறங்கவேண்டும் என்ற விதியைக் கோயிற் சுவரில் பொறித்து வைத்த மரபு நம்முடையது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

நம் நாட்டில் நவீன சங்கங்களின் வாழ்வு வேறு வழியில் தொடங்கிற்று. இலக்கியத்துக்கும் கல்விக்கும் தர்மத்துக்குமென ஏற்படும் சங்கங்களைப் பதிவு செய்வதற்கு 1860-ஆம் ஆண்டின் 21-ஆவது சட்டம் வந்தது. சங்க அங்கத்தினர் ஒருவர் சங்கப் பணத்தைத் திருடினாலோ கையாடினாலோ, அங்கத்தினரல்லாதவரைப் போலவே அவரையும் தண்டிக்கலாம் என்று அதன் பதினொன்றாம் பிரிவு கூறிற்று. சந்தா சேர்த்துப் புத்தகம் வாங்கிய வாசகசாலைகளுக்கும் தமிழ் வளர்க்கக் கூடிய கழகங்களுக்கும் கச்சேரி நடத்திய சபைகளுக்கும் பின்னாளில் அச்சட்டம் அரணாயிற்று. ஆனால் தொழிலாளர் சங்கம் அந்த அரணுக்குள் அடங்கவில்லை. இங்கிலாந்தில் 1867-ல் நேர்ந்த இன்னலுக்கு ஒப்பான ஒன்று அதற்குச் சென்னையில் காத்திருந்தது.

1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர்ப் பக்கத்து பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களின் நெசவாளர்களுக்காகச் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அடிகோல, பி. பி. வாடியா தலைமை தாங்கினார்; திரு. வி. கலியாணசுந்தரனார் தம் பேச்சாலும் எழுத்தாலும் அதற்கு உரமூட்டினார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுவே என்பது பெரும்பாலோர் கொள்கை. 1920-ல் மில் நிர்வாகத்தோடு மூண்ட தகராறு உயர் நீதிமன்றம் வரை சென்றது; ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டலாகாதென்று சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு பிறந்தது. சங்கத்தைச் சங்கமென ஏற்றுக்கொள்ளும் சட்டமே நாட்டில் இல்லாத குறை அன்று யாவருக்கும் விளங்கிற்று. என். எம். ஜோஷி 1921-ல் மத்திய சட்டசபையில் அதற்கெனத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறி, 1927 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது.

அச்சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பவர் பழைய மரப்பெட்டியின் அடையாளங்களை அதில் காணலாம். நிதியை எவ்வாறு பத்திரமாக வைப்பது, ஆண்டுதோறும் எவ்வாறு தணிக்கை செய்வது என்பவை சங்கத்தின் விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தாலன்றிப் பதிவு கிடைக்கவில்லை. பொது நிதியை இன்னின்ன காரியங்களுக்கே செலவிடலாம் என்று பதினைந்தாம் பிரிவு எல்லை கட்டிற்று. தணிக்கையான வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் ரிஜிஸ்திராருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இவை எல்லாவற்றினும் இருபதாம் பிரிவையே நான் உயர்வாகக் கருதுகிறேன். விதிகளிற் குறித்த நேரத்தில் கணக்குப் புத்தகத்தைப் பார்வையிடும் உரிமை நிர்வாகிகளுக்கு மட்டுமன்று, சந்தா கட்டிய ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு என்றது அப்பிரிவு. மாதந்தோறும் மேசைமேல் பெட்டி திறந்தபோது கடைக்கோடி பெஞ்சிலிருந்த நெசவாளியும் எட்டிப் பார்த்தானே, அந்த உரிமை இது.

சட்டங்களின் கதையைச் சொல்லிவிட்டால் பொக்கிஷதாரின் கதை முடிந்துவிடாது. மன்றமோ மாதர் சங்கமோ வாசகசாலையோ நடந்துவரும் எந்த ஊரிலும் அம்மனிதரைக் காணலாம். பகலில் தம் பிழைப்பு. மாலையில் ரசீதுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சந்தா வசூல். 'அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன், ஐயா' என்பாரிடம் முகம் கோணாமல் மறுபடி போகவேண்டும். விழாவுக்குப் பந்தல் போட்டவனும் ஒலிபெருக்கி வைத்தவனும் இரவோடிரவாகப் பணம் கேட்பார்கள். தலைவர் மாலையோடு காரில் ஏறிய பிறகு அவர்களுக்கு விடை சொல்லி நிற்பவர் இவரே. கையில் ரொக்கம் இல்லையென்றால் தம் சொந்தப் பணத்தைப் போட்டு முடித்துவிட்டு, அதைச் சங்கக் கணக்கில் எழுதுவதா வேண்டாவா என்று தயங்குவார். அப்படித் தயங்கி எழுதாமல் விடுவதுதான் பிற்காலச் சண்டைகளுக்கு வித்து என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள். தம் பணத்தையும் சங்கப் பணத்தையும் ஒரே பையில் போடாமலிருப்பதும், ஐந்து ரூபாயாயினும் ரசீதில்லாமல் வாங்காமலும் வவுச்சரில்லாமல் கொடாமலும் இருப்பதும், அன்றாடச் செலவை அன்றன்றே நாள்வழியில் ஏற்றுவதுமே இப்பதவியின் வேதம். பாங்கியில் காசோலைக்கு இருவர் கையொப்பம் வேண்டுமென்று ஏற்பாடு செய்யுமாறு பொக்கிஷதார்தான் முதலில் வற்புறுத்த வேண்டும். அது அவர் மதிப்பைக் காக்கும் சாவி.

ஆண்டுப் பொதுக் கூட்டங்களில் வரவேற்புரையும் வாழ்த்துரையும் நீண்டுபோய், வரவு செலவுக் கணக்கைப் படிக்கும் நேரம் வரும்போது பாதி நாற்காலிகள் காலியாகிவிடுவதைப் பல ஊர்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஓராண்டுக் காலம் ஊதியமின்றி உழைத்த ஒருவர் தம் உழைப்பின் ஒரே அத்தாட்சியைக் கையில் ஏந்தி எழுந்து நிற்கும் நேரம் அது. அந்நேரத்தில் எழுந்து போவது அவரை அவமதிப்பதாகும். கேள்வி கேட்பது அவமதிப்பாகாது. ஆதலால், இதைப் படிக்கிற நண்பர்களே, நீங்கள் எந்தச் சங்கத்தில் அங்கத்தினராயினும் சரி, அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் கணக்குப் படித்து முடியும்வரை இருங்கள். விளங்காத இடத்தில் கை தூக்கிக் கேளுங்கள். விளங்கிய பின் அவருக்கு மனமார நன்றி தெரிவியுங்கள். அடுத்த ஆண்டுக்கு அப்பொறுப்பை ஏற்பவர் யார் என்று தலைவர் கேட்கும்போது, இயன்றால் நீங்களே முன்வாருங்கள்.